பிலோமி அக்காவின் அன்னாசி பீர்

செய்தியைச் சொன்னவர் பிலோமி அக்காவின் கணவர் சவரி அண்ணன்தான். ஆய்வகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. "மல்லிகா, உங்க அக்கா போயிட்டாம்மா. நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார்.

பிலோமினா என்றால் திண்டுக்கல்லில் பலருக்குத் தெரியாது. ரத்தம் எடுக்கும் பிலோமி அக்கா என்றால் தெரியும். ஒரே மருத்துவமனை ஆய்வகத்தில் பல வருடங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை பார்த்தோம். 'சாராயம் காய்ச்சிய நர்சு' என்று ஊரில் உலவிய பேச்சை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். அவர் நர்சும் அல்ல, காய்ச்சியது சாராயமும் அல்ல. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அவர் கணவர் சவரிமுத்து சரக்குக் கப்பலில் சமையல்காரர். தொண்ணூறுகளின் கடைசியில், கப்பல் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வீடு வந்து சேர்ந்தார். எலும்பு கூடிவிட்டது, மனிதர் எழவில்லை. நடக்கச் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவார். என்னதான் வேண்டும் என்று அக்கா நச்சரித்தபோது, "ஏதோ ஒரு துறைமுகத்துல அன்னாசி வாசத்தோட ஒரு பீரு குடிச்சேன். அது கெடைக்குமா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார்.

"அவரா வாயைத் தொறந்து கேட்டது இது ஒண்ணுதான். செய்யாம விடமாட்டேன்" என்று என்னிடம் சொன்னார் அக்கா. மது வாடையே ஆகாதவர் அவர்.

கணவரின் கப்பல் நண்பர் ஒருவர் மால்ட் சாறு டின்களைக் கொடைரோடு ஸ்டேஷனில் தந்துவிட்டுப் போனார். முளைகட்டிய பார்லியில் எடுத்து, பீருக்கென்று கசப்பு ஏற்றிய, தேன் போலக் கெட்டியான பாகு. அக்கா அதைக் கொதிநீரில் கரைத்து, ஆறவைத்து, பேக்கரி ஈஸ்ட் போட்டு மூடினார். நுரைத்து அடங்கியதும் அன்னாசிப் பழத்தைப் பிழிந்து ஊற்றிப் பாட்டிலில் அடைத்தார். பழத்தின் சர்க்கரை உள்ளே மறுபடி நுரைத்தது. ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் தெருவில் வரும் நேரம், பாட்டில்கள் படபடவென்று வெடித்தன.

நான் கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போலீஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.

"என்னம்மா காய்ச்சுறீங்க?"

"பீரு" என்றார் அக்கா.

"விக்கிறீங்களா?"

"இல்ல சார். உள்ள படுத்திருக்காரே, அவருக்கு."

"வீட்டுல காய்ச்சுறது தப்புன்னு தெரியும்ல?"

"தெரியும். அவரு எந்திரிச்சு நடந்துட்டா விட்டுர்றேன். இப்பவே பிடிச்சுட்டுப் போறதுன்னா, அவருக்குச் சோறு ஊட்ட ஆளு யாருன்னு சொல்லிட்டுப் போங்க."

போலீஸ்காரர் உள்ளே போய்ப் பார்த்தார். வெளியே வந்து, "இன்னொரு தரம் வெடிச்சா நான் சும்மா இருக்க முடியாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் மாதா கோயிலில் அக்காவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. அக்காவும் இடம் மாறி உட்காரவில்லை.

பழச்சாறு ஊற்றினால் வெடிக்கிறது என்றால் எசன்ஸ் ஊற்றலாம் என்று அக்கா முடிவு செய்தார். சர்பத் கடைக்காரர்கள் வாங்கும் அன்னாசி எசன்ஸைப் பழனியில் தேடிப் பிடித்து வந்து, புதிதாகக் காய்ச்சிய பானையில் ஒரு கரண்டி நிறைய ஊற்றினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"என்னடி, இருமல் மருந்து வாடை அடிக்குது?"

சவரி அண்ணன் தானாகப் பேசியது பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான். "அதைக் கொட்டு. அடுத்த தரம் சொட்டுச் சொட்டா விடணும். பானையை இங்க கொண்டா, நான் வாசம் பாத்துச் சொல்றேன்."

அடுத்த முறை நுரை அடங்கியபோது அக்கா பானையைக் கொண்டுபோகவில்லை. "வாசம் பாக்கணும்னா அடுப்படிக்கு வாங்க" என்றார். அண்ணன் கத்தினார், திட்டினார். அக்கா எசன்ஸ் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் உதவப் போனபோது கண்ணாலேயே தடுத்தார். வெகுநேரம் கழித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, வியர்வையில் நனைந்து அந்த மனிதர் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

குப்பியை வாங்கிச் சொட்டு விட்டார். முகர்ந்தார். இன்னொரு சொட்டு விட்டார்.

பாட்டில் திறந்த அன்று ஒரு மடக்குக் குடித்து, "இது அது இல்ல பிலோமி. ஆனா நல்லாருக்கு" என்றார். அக்கா நாக்கில் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார். "இதுக்கா இம்புட்டுப் பாடு?"

அண்ணன் தெருமுனை வரை நடந்த வாரம், மிச்சமிருந்த டின்னை அக்கா சாக்கடையில் கவிழ்த்தார். அந்தப் போலீஸ்காரரைத் தேடிப் போய், காய்ச்சுவதை நிறுத்திவிட்டதையும் சொன்னார். பிறகு சவரி அண்ணன் பேருந்து நிலையம் பக்கம் மெஸ் வைத்ததும், அவர் கை மீன்குழம்பும் உங்களுக்குத் தெரியும்.

ஆய்வகத்தில் இன்றும் சிலருடைய பரிசோதனை முடிவுகளைக் கையில் எடுக்கும்போது மனது கனக்கும். முன்பெல்லாம், "டாக்டரைக் கேளுங்க" என்று கவரை நீட்டிவிட்டு உள்ளே போய்விடுவேன். இப்போது வெளியே வந்து, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் அறை வரை கூடவே போகிறேன். கஷ்டத்தில் இருப்பவரை விட்டு நகராமல் நிற்பது, பிலோமி அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது.