ஒகினு வீட்டு எலிகள் என்ன தின்றன

ஒகினுவை எனக்குப் பிடிக்காது. அவளைப் பற்றிச் சொல்ல வந்தவள் இதை முதலில் சொல்லிவிடுவதுதான் நியாயம். இனி நான் அவளைப் புகழ்ந்தால் அது உண்மை என்று நம்பலாம். இகழ்ந்தால் பாதியைத் தள்ளிவிடுங்கள்.

ஒசாகாவில் எங்கள் சந்துக்கு அவள் குடிவந்தபோது வயது இருபத்தாறு. புருஷன் யோதோ ஆற்றில் படகு தள்ளிக்கொண்டிருந்தவன், ஒரு வெள்ளத்தில் போய்விட்டான். கவாச்சிப் பக்கம் அண்ணன் வீடு இருந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சோறு தின்ன மாட்டேன் என்று கிளம்பி வந்துவிட்டாள். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்களே, அவள் பிடித்த வளை எங்கள் வரிசை வீடுகளிலேயே சின்னது. பொதுக் கக்கூசுக்கு அடுத்தது. தென்மா காய்கறிச் சந்தையில் முள்ளங்கி கழுவுவாள், கீரைக்கட்டில் பழுத்த இலையைக் கிள்ளிப் போடுவாள். குளிர்காலத்தில் விரலெல்லாம் வெடித்துக் கிடக்கும். பல் கொஞ்சம் எடுப்பு. எந்த வகையிலும் நான் பொறாமைப்பட வேண்டிய ஆள் இல்லை.

ஆனால் எலி வளர்த்தாள்.

அந்த வருஷங்களில் ஊர் முழுக்க எலிப் பைத்தியம். பட்டு வியாபாரி வீட்டிலும் கூண்டு, பல்லக்குத் தூக்குகிறவன் வீட்டிலும் கூண்டு. புள்ளி எலி, மான்நிற எலி, கறுப்பு உடம்பில் நெஞ்சில் மட்டும் வெள்ளைப் பிறை போட்ட எலி என்று ஆளுக்கொரு ஜாதி. எங்கள் சந்தில் முதல் கூண்டு வாங்கியது நான்தான். என் கோயூகி தூய வெள்ளை, கண் கறுப்பு. கையில் எடுத்தால் உள்ளங்கையில் சுருண்டு தூங்கிவிடுவாள். எனக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் எலியைக் கொஞ்சுகிறாள் என்று கிணற்றடியில் பேசுவார்கள். பேசட்டும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு.

வசந்தத்தில் எலிக்கடைக்காரன் ஷின்சுகே, கோயில் வாசலில் கூட்டம் கூட்டுவான். எல்லாரும் கூண்டோடு போவோம். அவன் ஒவ்வொன்றாக எடுத்து, ரோமத்தை எதிர்ப்பக்கம் ஊதிப் பார்த்து, வாலைத் தடவிப் பார்த்து, எது முதல் என்று சொல்லுவான். முதலாவது வந்த எலியைப் படம் எழுதி, வளர்த்தவர் பேரோடு வருஷம் முழுக்கக் கடையில் தொங்கவிடுவான். இரண்டு வருஷம் கோயூகியின் படம் தொங்கியது. மூன்றாம் வருஷம் ஒகினு தன் பிறைநெஞ்சுக் கறுப்பு எலி குமாவோடு வந்தாள்.

ஷின்சுகே குமாவின் முதுகைத் தடவிவிட்டுத் தன் விரலைப் பார்த்தான். "எண்ணெய் தடவுனியா புள்ள?"

"இல்லீங்க. அது அதோட பளபளப்பு."

அவ்வளவுதான். என் கோயூகியின் படத்தைக் கழற்றிவிட்டு அந்தக் கரிக்கட்டையின் படத்தை மாட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டே வாழ்த்துச் சொன்னேன். வீட்டுக்கு வந்ததும் என் புருஷன் ஜின்பேய் சொன்னார்: "என்ன இருந்தாலும் அந்தக் கறுப்பு எலி அழகுடி. அந்தப் பொண்ணு எப்படித்தான் வளக்குறாளோ."

அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு எரிந்தது என்று சும்மா சொல்வார்கள் என்று நினைத்திருந்தேன். நிஜமாகவே எரிகிறது, தொப்புளுக்கு மேலே, இரண்டு விரல் அகலத்துக்கு.

அடுத்த வசந்தத்தில் அவளை ஜெயிப்பது என்று முடிவு கட்டினேன். அதுவரை கோயூகி எங்கள் சமையலறையில் சிந்தியதையெல்லாம் தின்றுகொண்டிருந்தாள். பீன்ஸ் தோல், மீன் துணுக்கு, முள்ளங்கி நுனி. இனி அது கிடையாது. வெள்ளை எலி தாய்கொகு சாமியின் ஆள். செல்வம் தரும் அந்தச் சாமி நிற்பதே அரிசி மூட்டை மேல்தான். சாமியின் ஆளுக்குக் குப்பையைப் போட்டால் பளபளப்பு எங்கிருந்து வரும்? என் புருஷன் அரிசிக் கிடங்கில் அளவைக்காரர். எங்கள் வீட்டில் மூன்று வேளையும் வெள்ளை அரிசிதான். அதையும் நான் உரலில் மறுபடி இரண்டு தரம் குத்தி, தவிடு ஒரு பொட்டு ஒட்டாமல் புடைத்து, முத்து முத்தாக எடுத்துப் போட்டேன். அரிசியும் தண்ணீரும். வேறொன்றும் இல்லை.

அந்தப் பக்கம் ஒகினு என்ன போடுகிறாள் என்றும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கக்கூசுக்குப் போகிற சாக்கில் எத்தனை தரம் வேண்டுமானாலும் அவள் கதவைக் கடக்கலாம். ஒரு நாள் தினையும் குதிரைவாலியும். ஒரு நாள் வேகவைத்த வாற்கோதுமையில் தவிட்டைப் பிசைந்த உருண்டை. சந்தையில் கிள்ளிப்போட்ட முள்ளங்கித் தழை தினமும் உண்டு. வாரத்தில் இரண்டு நாள் கருவாட்டுத் தலை, அதையும் தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்துவிட்டு. மழை பெய்தால் நத்தை பொறுக்கி வந்து ஓட்டோடு நசுக்கிப் போடுவாள். பூசணி விதை என்றால் எண்ணி இரண்டே இரண்டு.

கிணற்றடியில் எண்ணெய்க்கடை ஒஃபுசாவிடம் சொல்லிச் சிரித்தேன். "சந்தைக் குப்பை, சாக்கடை நத்தை. எலிக்குக்கூட அவ வீட்டுல விதி சரியில்ல."

ஒகினு வாளியோடு பின்னால் நின்றிருந்தாள். கோபப்படவில்லை. "நான் தின்னுறதுதான் அக்கா அதுங்களுக்கும். நத்தை மட்டும் நான் தின்னுறதில்ல," என்றாள். ஒஃபுசா சிரித்துவிட்டாள். என்னைப் பார்த்துச் சிரித்தது போல எனக்கு இருந்தது.

இலையுதிர் காலம் முடியும்போது கோயூகியின் ரோமம் மங்கியது. முதலில் வயசு என்று நினைத்தேன். பிறகு தின்பது குறைந்தது. அரிசி போதவில்லையோ என்று இன்னும் வெள்ளையாகக் குத்திப் போட்டேன். பதினோராம் மாதம் தாய்கொகுவின் நாளில் கறுப்பு பீன்ஸும் இரட்டைக்கால் முள்ளங்கியும் படைத்து, அவளுக்காகத் தனியாகக் கும்பிட்டேன். மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தால், முன்னங்கால்களை ஊன்றி வருகிறாள், பின்னங்கால்கள் இரண்டும் ஈரத்துணி போல இழுபடுகின்றன.

ஒகினுவே கதவைத் தட்டினாள். கையில் இலையில் பொதிந்த ஏதோ உருண்டை.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கால இழுக்குதுன்னு மாமா சொன்னாரு. இதுல தவிடும் தினையும் இருக்கு. வெறும் வெள்ளை அரிசி வேணாம். எங்க குமாவுக்கும் ஒரு தடவை..."

"எங்க வீட்டுல தவிடு ஊறுகாப் பானைக்குத்தான். தரை துடைக்கவும் வச்சிருக்கேன். எலிக்குப் போடுற அளவுக்கு இன்னும் நாங்க கெட்டுப்போகல."

"அதுக்கில்ல அக்கா..."

"வசந்தம் வர்றதுக்குள்ள என் எலி போயிட்டா உனக்கு வசதிதானே."

அவள் முகம் வெளுத்தது. உருண்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனாள். அதில் எலிப்பாஷாணம் கலந்திருப்பாள் என்று நினைத்து அதைக் கழிவுநீர்க் கால்வாயில் எறிந்தேன். நிஜமாகவே அப்படி நினைத்தேனா என்று இப்போது கேட்டால், இல்லை. நல்ல மருந்தாக இருந்துவிடுமோ என்றுதான் பயந்தேன்.

மூன்று நாள் கழித்துக் குளியல் கூடத்திலிருந்து திரும்பினால் கூண்டைக் காணோம். ஜின்பேய் தலையைச் சொறிந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட குடுத்தேன். செத்துருமேன்னு..."

நான் ஈரத்தலையோடு ஓடினேன். ஒகினுவின் வீடு ஒரே அறைதான். அவள் தரையில் சம்மணமிட்டிருந்தாள். கோயூகி அவள் மடியில் கிடந்து, அவள் விரலிலிருந்த தவிட்டுக் கூழை நக்கிக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக என் கையில் முத்தரிசியைக்கூட முகர்ந்து பார்க்காதவள், அந்த வெடித்த விரலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நக்கினாள்.

புருஷன் இன்னொருத்தியைப் பார்த்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. கோயூகியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் வைத்திருந்தேன். அரிசி போட்டேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி, நானும் தவிடு கலந்து கொடுப்போம் என்று பார்த்தால், வீட்டில் இருந்த தவிடெல்லாம் காய் ஊற உப்புப் போட்டு ஊறுகாய்ப் பானையில் கிடந்தது; ஒரு கை எடுத்தேன், உப்புக் கரித்தது. கேட்டால் சொல்லித்தருவாள், இருபது அடி தூரம்தான். என் வாய் திறக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் கோயூகியால் தலையைக்கூடத் தூக்க முடியவில்லை. என்னிடம் இருந்தால் சாவாள், அவளிடம் இருந்தால் பிழைப்பாள். இவ்வளவு தெளிவாக அதற்கு முன் எனக்கு எதுவும் தெரிந்ததில்லை.

கிணற்றடியில் சந்துப் பெண்கள் அத்தனை பேரும் நிற்கும் நேரம். கூண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர்கள் நடுவே நடந்து போனேன். ஒகினு கதவைத் திறந்தாள். இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நாற்பது நாள் நான் அந்தப் பக்கம் போகவில்லை. கக்கூசுக்குக்கூட அடுத்த சந்துக்குப் போனேன். ஜின்பேய்தான் செய்தி கொண்டுவருவார்: இன்று ஒரு காலை ஊன்றினாள், இன்று கிழங்கு தின்றாள், இன்று கூண்டு ஏணியில் ஏறினாள். கேட்கக் கேட்க எனக்குச் சந்தோஷமும் எரிச்சலும் சேர்ந்தே வந்தன. எது முதலில் வந்தது என்று கேட்காதீர்கள்.

கூட்டத்து நாள் காலையில் ஒகினு கூண்டோடு வாசலில் நின்றாள். "இந்தாங்க அக்கா, உங்க பொண்ணு. கூட்டிட்டுப் போங்க. குமா குட்டி போட்டிருக்கு, நான் இந்தத் தடவை சும்மா வேடிக்கை பாக்கத்தான் வர்றேன்."

கோயூகி புதுப்பனி மாதிரி இருந்தாள். ஷின்சுகே அவளை ஒரு தரம்தான் ஊதிப் பார்த்தான். முதல் இடம். எல்லாரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். சாகக் கிடந்த எலி என்று சந்துக்கே தெரியும்.

"என்னதான் போட்டீங்க ஒதோயோ அக்கா?" என்று ஒஃபுசா கேட்டாள். அவள் இடுப்பில் ஒரு கூண்டு, உள்ளே மூன்று வாரக் குட்டி எலி. "எங்களுக்கும் சொல்லுங்களேன்."

ஒகினு நான்கு அடி தள்ளி நின்றிருந்தாள். அவள் பேரைச் சொல்ல வாயைத் திறந்தேன். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பப்போவது எனக்கு முன்கூட்டியே தெரிந்தது.

"வெள்ளை அரிசிதான்," என்றேன். "நல்லாக் குத்தி, வேறொண்ணும் கலக்காம. சாமியோட ஆளுக்கு வேற என்ன போடுவாங்க?"

ஒகினு என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். அத்தனை பேர் முன்னால் என்னைப் பொய்க்காரி என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஒஃபுசாவின் காதில் மட்டும், வெறும் அரிசி வேண்டாம் என்று மறுநாள் சொல்லிப் பார்த்தாளாம். "படத்துல தொங்குறது அவங்க எலி, உன் எலி இல்ல," என்று ஒஃபுசா முகத்தில் அடித்தாற்போல் பதில் சொன்னாளாம்.

மழைக்காலம் தொடங்கிய வாரம் ஒஃபுசா என் வீட்டுக்கு வந்தாள். கூண்டைத் தரையில் வைத்தாள். குட்டி எலி முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு கம்பி வரை வந்தது.

"நீங்க சொன்னபடிதான் அக்கா குடுத்தேன். ஒரு நாள்கூட வேற எதையும் கண்ணுல காட்டல. இன்னும் வெள்ளையாக் குத்தணுமா?"

அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மழையில் ஒகினு வீட்டுக்கு ஓடினேன். கதவு திறந்ததும் ஒஃபுசாவிடம் சொன்னேன்: "நான் பொய் சொன்னேன். என் எலியக் காப்பாத்தினது இவதான். அரிசி இல்ல. தவிடு, தினை, தழை, எல்லாம். அரிசிதான் அதைக் கெடுத்துச்சு. எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

ஒஃபுசா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. ஒகினு கூண்டை வாங்கி, குட்டியை எடுத்து, மடியில் வைத்தாள். கூழைத் தொட்டு வாயருகே கொண்டுபோனாள். குட்டி நக்கவில்லை. மறுபடி தொட்டாள், மறுபடி. மழை விட்டுத் திரும்பப் பெய்யும்வரை செய்துகொண்டே இருந்தாள். நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வாங்க என்று ஒகினு சொன்னாள், போக முடியவில்லை.

குட்டி அடுத்த நாள் செத்துப்போனது. ஒஃபுசாவிடம் ஒகினு, "ரொம்ப இளசு, தாங்கல," என்று மட்டும் சொன்னாளாம். குமாவின் குட்டிகளில் ஒன்றைக் கொடுத்தாளாம். என்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லையாம்.

இப்போது சந்தில் எந்த எலிக்கு என்ன போடுவது என்றாலும் ஒகினு வீட்டு வாசலில்தான் கூட்டம். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கிறது, தொப்புளுக்கு மேலே இன்னும் எரியத்தான் செய்கிறது. ஒஃபுசா என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதை நான் பொறுத்துக்கொள்வேன், எனக்குத் தக்கதுதான். ஒகினு நேற்றும் சந்தையிலிருந்து வரும் வழியில் ஒரு பிடி முள்ளங்கித் தழையை என் வாசலில் வைத்துவிட்டு, "கோயூகிக்கு, அக்கா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.