பச்சையை அமுக்கும் முன்

ஓட்டுநர் இல்லாத எங்கள் சிற்றுந்துகள் சுற்றுலாப் பயணிகளைக் காட்சிமுனைக்கு ஏற்றிச் செல்கின்றன. கொடைக்கானல் ஏரிக்கு மேலே ஓர் அறையில் உட்கார்ந்து, நானும் கடைத்தெரு மளிகைக்கடை பாயின் மகனும் அவற்றைத் திரையில் கவனிக்கிறோம். வழியில் சந்தேகம் வந்தால் வண்டி தானாக நின்று, போகலாமா என்று கேட்கும். படத்தைப் பார்த்துப் பச்சைப் பொத்தானை அமுக்கினால் கிளம்பும்.

கோளாறு அதில்தான். கிளை கிடந்தாலும் கேட்கும், குரங்கு உட்கார்ந்திருந்தாலும் கேட்கும். நாள் முழுக்கச் சரி சொல்லிச் சொல்லி, கண் பார்ப்பதற்குள் விரல் போய்விடுகிறது.

அன்று மதியம் பனி இறங்கியது. பைன் மரங்களை ஒட்டிய வளைவில் ஒரு வண்டி நின்றது. திரை முழுக்க வெள்ளை.

"ஒண்ணும் இல்லக்கா, போகட்டும்" என்று பாயின் மகன் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

"ஒண்ணும் இல்லையா, ஒண்ணும் தெரியலையா? பொறுங்க தம்பி."

நான் தினமும் பூம்பாறை பஸ்ஸில் வந்து போகிறவள். பனியில் அந்த பஸ் டிரைவர்கள் கண்ணாடியை இறக்கி, ஹாரன் அடித்து, எதிர்ச்சத்தத்துக்குக் காத்திருப்பார்கள். எங்கள் சிற்றுந்துகளிலும் வெளிச்சத்தம் கேட்க மைக் உண்டு. காற்றின் இரைச்சல் தலைவலி என்று மேலாளர் அதை அணைக்கச் சொல்லியிருந்தார். திறந்தேன். ஹாரன் அடித்தேன். பதில் இல்லை.

வண்டிக்குள்ளிருந்து ஒரு பயணி கேட்டார்: "டிரைவர்தான் இல்லேன்னு பாத்தா, வண்டிக்குப் போற சோலியும் இல்லையா?" மற்றவர்கள் சிரித்தார்கள். பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மறுபடி அடித்தேன்.

தார்ச்சாலையில் குளம்புச் சத்தம் கேட்டது. குதிரைக்கு ஏது ஹாரன்? சத்தம் நெருங்க, திரையின் வெள்ளைக்குள்ளிருந்து, சவாரி முடிந்த குதிரையைப் பிடித்துக்கொண்டு ஒருவர் வளைவின் உள்பக்கமாக, வண்டி திரும்பவேண்டிய இடத்திலேயே வந்துகொண்டிருந்தார். அவர் கடந்த பின்பு பச்சையை அமுக்கினேன்.

மாலையில் மேலாளர் வந்தார். வண்டி மெதுவாகத்தானே போகிறது, குதிரையைக் கண்டதும் தானே நின்றிருக்கும் என்றார். நின்றிருக்கலாம். குதிரை மிரண்டிருந்தால் அடுத்த பக்கம் பள்ளம். பயணிகள் தாமதத்தைப் பற்றிப் புகார் செய்கிறார்கள், மைக்கை அணைக்காவிட்டால் வேறு ஆளைப் போடவேண்டி வரும் என்றும் சொன்னார்.

"போடுங்க சார். நான் இருக்கிற வரைக்கும், பனியில காதால கேக்காம பச்சைய அமுக்க மாட்டேன்."

மறுநாளும் பனி. அதே வளைவில் வண்டி நின்று கேட்டது. என் கை நகர்வதற்குள் தம்பி மைக்கைத் திறந்து ஹாரன் அடித்திருந்தார். இருவரும் காது கொடுத்துக் காத்திருந்தோம்.