மாதா பேரில் ஒரு சீசா

கடலூர் கோர்ட்டில் ஆட்களைக் கூவி அழைக்கிற டவாலி ஆரோக்கியராஜ், ஒரு சாட்சியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், வெளியே டீ குடிக்கிறவர் கிளாஸை அப்படியே வைத்துவிட்டு ஓடிவருவார். அப்பேர்ப்பட்ட மனுஷன் ஒரு வருஷமாகச் சாப்பிட்டதும் சுருண்டு படுத்துவிடுகிறார். மனைவி ஜெயராணி பக்கத்தில் வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறார். உள்ளூரில் யாருக்கும் தெரியக்கூடாதென்று சிதம்பரத்தில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். ரத்தத்தை இரண்டு தடவை சோதித்துவிட்டு, ஆண்களுக்கான ஹார்மோன் குறைவு என்றார் டாக்டர்.

"ஊசி போட்டுக்கலாம். ரெண்டு மூணு வாரத்துக்கு ஒண்ணு. போட்ட புதுசுல தெம்பு ஜாஸ்தியா இருக்கும், அடுத்த ஊசி நெருங்கறப்ப எறங்கும். ஒட்டுற பிளாஸ்திரி இங்க கெடைக்கிறது கஷ்டம், அரிப்பு வேற. ஜெல்லுன்னா தெனமும் தோள்ல தடவணும், ஏத்த எறக்கம் இல்லாம போகும். ஆனா அது பொம்பளைங்க, கொழந்தைங்க மேல படவே கூடாது."

"ஊசி எங்க சார் போடுவாங்க?"

"இடுப்புக்குக் கீழதான்."

அவர் தெருவில் ஊசி போடுகிற ஒரே நர்ஸ் அவருடைய மச்சினி ரீட்டா. அவளுக்கு ஒரு சேதி தெரிந்தால் கோயில் மணியே தேவையில்லை. ஜெல்லே போதும் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வந்தவர் சும்மா இருந்தாரா? டப்பாவில் எழுதியிருப்பதை ஜெயராணி படித்துவிடுவாள் என்று ஜெல்லை ஒரு காலி சீசாவுக்கு மாற்றினார். அவள் கேட்டபோது, "வேளாங்கண்ணி போன சிநேகிதன் குடுத்தான். மந்திரிச்ச தைலம், தோள் வலிக்கு" என்றார். புத்தி எங்கே போச்சோ. வேதக்கார வீட்டில் மாதா பேரைச் சொல்லி ஒரு சீசாவை வைத்தால், அது ஒருத்தருக்கு மட்டும் சொந்தமாக இருக்குமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் சீசா பாதி காலி. பூசைக்குப் புறப்பட்ட ஜெயராணி மீதியைக் கைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாலு நாளா முட்டிக்குத் தடவறேங்க. மாதா புண்ணியத்துல வலி தேவலாம். பாட்டுக் குழுவுல அந்தோணிமேரிக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சாம். மத்தவங்களுக்கும் ஆளுக்குக் கொஞ்சம் தடவி விடலாம்னு எடுத்துக்கிட்டுப் போறேன்."

பாட்டுக் குழுப் பெண்கள் மொத்தப் பேரும் மீசையோடு நின்று பாடுகிற காட்சி ஆரோக்கியராஜ் கண்ணுக்குள் வந்தது. பையைப் பிடுங்கினார். அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய் முட்டியைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். கோர்ட்டை அதிரவைக்கிற குரல் தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தாண்டவில்லை.

ஜெயராணி சிரிக்கவில்லை. "நா கெழவியாயிட்டேன், உங்களுக்குப் புடிக்கலன்னு ஒரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அவர் குழாயை மூடிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மறுநாள் இருவரும் சிதம்பரம் போனார்கள். நாலு நாள் பட்டதற்குப் பயப்பட வேண்டாம், இனிமேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். "நல்லா காஞ்சதும் சட்டை போட்டுக்கிட்டா ஜெல்லே தடவலாம்."

"வேணாங்க டாக்டர். ஊசியே எழுதுங்க" என்றாள் ஜெயராணி.

"ரீட்டா ஊரெல்லாம் சொல்லிடுவாளே" என்று முனகினார் ஆரோக்கியராஜ்.

"சொல்லட்டும். இவரு தோள்ல நா தலை வெச்சுப் படுக்கணும் டாக்டர்."