அப்பா எழுத்துக்கூட்டி வாசித்த உயில்

எங்கள் அப்பா பரவையில் ஒரு விவசாயக் குடும்பத்தில் இளைய மகனாகப் பிறந்தார்கள். ஒத்தக்கடையில் தையல் கடை வைத்து எங்களை ஆளாக்கி, சென்ற ஆண்டு காலமானார்கள். அவர்களுடைய பொறுமையைப் பாராட்ட இந்த நினைவு மலரில் நான் இதை எழுதவில்லை. அவர்கள் பொறுத்துக்கொண்டதை என்னால் பொறுக்க முடியவில்லை.

தாத்தா இறந்த அன்று, பாடை எடுக்கும் முன், பெரியப்பா உயிலை விரித்து ஊர்முன் வாசித்தார். "இளையவன் என்னைக் கைநீட்டி அடித்தவன், என் பிணத்தைத் தொடக்கூடாது" என்று அதில் இருப்பதாகச் சொன்னார். தாத்தா சொல்லச் சொல்லப் பத்திர எழுத்தர் ஒருவர் எழுதியது அது; அந்தக் கையெழுத்து வேறு யாருக்கும் பிடிபடவில்லை. புள்ளி கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் கிடையாது. ஒருநாளும் அடித்தறியாத அப்பா, தம் தகப்பனார் அப்படித்தான் எழுதிவிட்டார் என்று நம்பினார்கள். ஊரார் சுடுகாட்டு வாசலிலேயே அவர்களை நிறுத்திவிட்டார்கள். அப்பனை அடித்தவன் மகள் என்ற பேச்சு என் கல்யாணத்தில்கூட வந்தது.

பல ஆண்டுகள் கழித்து, குடும்ப வரலாறு தொகுப்பதற்காகப் பதிவு அலுவலகத்தில் உயிலின் நகல் வாங்கினேன்.

"எதுக்குத் தாயி அத எடுத்த? இம்புட்டு வருசமா மறக்கப் பாக்குறேன்" என்று அப்பா கோபித்தார்கள்.

மறுநாள் அவர்களே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அதே பத்திர எழுத்தர் எழுதிய பழைய பத்திரங்களைத் தெரிந்தவர்களிடம் இரவல் வாங்கினார்கள். ஊர்ப்பெயரும் நில எல்லையும் தெரிந்த வரிகளை வைத்து, அந்த ஆளின் ஒவ்வோர் எழுத்தையும் நோட்டில் எழுதிப் பழகினார்கள். நான்கு மாதம் ஆயிற்று.

ஒரு மத்தியானம் எனக்கு வாசித்துக் காட்டினார்கள்: "படுக்கையில் கிடந்த என்னைக் குளிப்பாட்டிச் சோறூட்டியவன் இளைய குமாரனே. ஆகையால் எனக்குக் கொள்ளி அவனே வைக்க வேண்டியது." அடித்ததாக எங்குமே இல்லை. அப்பா வாய்விட்டு அழுதார்கள்.

நகலோடு பரவைக்கு, பெரியப்பா வீட்டுக்குப் போனோம். "ஏண்ணே இப்பிடிச் செஞ்சீங்க?" என்று மட்டும் அப்பா கேட்டார்கள்.

"மூத்தவன் நான் இருக்கையில நீ கொள்ளி வச்சா, ஊருக்குள்ள எனக்கு என்னடா மரியாத?" என்றார் பெரியப்பா.

"விடு தாயி, வா போவம்" என்று அப்பா எழுந்துவிட்டார்கள். நான் விடவில்லை. அவர்களுக்கு மூச்சு இருக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

பத்திரங்களை நம்பிக் கொடுத்த காளவாசல் நண்பர்களுக்கும், கடைசி நாட்களில் மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த என் தம்பிக்கும் கணவருக்கும் நன்றி. உயிலின் நகலும் அப்பா கைப்பட எழுதிய வாசிப்பும் அடுத்த பக்கத்தில் உள்ளன.

அப்பாவின் திதிக்கு வருவதாகப் பெரியப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும். இந்த மலரின் முதல் பிரதி அவருக்குத்தான். உறவினர் அத்தனை பேர் முன்பும் எழுந்து நின்று அந்தப் பக்கத்தை அவர் வாசிக்க வேண்டும். வாசித்து முடித்த பிறகுதான் பந்திக்கு இலை போடுவோம்.