இருபத்து மூன்று கபன் துண்டு

பள்ளிவாசல் விறாந்தையில் அன்று பகல் இருந்தவர்கள்: பாங்கு சொல்லும் மோதினார். நான். என் மருமகள், மூத்த சகோதரி ராத்தாவின் மகள், ஓ.எல். சோதனை எடுக்க இருந்தவள். பக்கத்து வீட்டுக்காரர். தோணியில் செய்தி கொண்டுவந்த ஆள், நனைந்த சாரத்தோடு.

தொண்ணூறுகளில் ஒரு மாரி. நாவிதன்வெளிப் பக்கம் புல்லுப் பிடுங்க ஆட்களை ஏற்றிப்போன உழவு மெசின் இழுவைப் பெட்டியோடு வெள்ளத்தில் போய்விட்டது. போனவர்கள் ஒன்பது பேர். அதில் பெண்கள் இரண்டு. ஒன்று என் ராத்தா. மற்றது பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி.

"ஏழு மையத்து எடுத்தாச்சி. ரெண்டு பேர் உயிரோட அங்கால கரையில ஏறியிருக்காங்களாம். ஆரெண்டு தெரியா" என்றார் வந்தவர்.

"பொம்பிளயள் எத்தன?" பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்.

"குளிப்பாட்டுற இடத்துக்கு நான் போகல்ல காக்கா. மையத்துக்குச் சுத்துற கபன் துண்ட எண்ணிக் குடுத்ததுதான் நான். இருவத்தி மூண்டு. எல்லாருக்கும் கட்டி முடிஞ்சி."

தண்ணீர் குறையவில்லை. அடக்கமும் அந்தக் கரையில்தான் என்றார்.

மருமகள் என்னைப் பார்த்தாள்.

"மாமா, ஆம்பிளக்கி எத்தன துண்டு?"

"மூண்டு."

"பொம்பிளக்கி?"

"அஞ்சி."

கையிலிருந்த கணக்குக் கொப்பியைத் திறந்தாள்.

"மையத்துக் கணக்கும் ஸ்கூல்ல படிப்பிக்கிறானுகளா புள்ள?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"தேங்காயும் மாங்காயும் வச்சித்தான் படிப்பிச்ச, சாச்சா. ரெண்டையும் ஒண்டாத் தேட ஏலா. ஆம்பிள எண்ட இடத்தில, ஏழில பொம்பிள போக மிச்சம் எண்டு வைக்கணும். அப்ப தெரியாதது ஒண்டுதான்."

எழுதினாள். ஏழு பேருமே ஆண்கள் என்றால் இருபத்தொரு துண்டு. ஆண் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தால் மூன்று போய் ஐந்து வரும், இரண்டு கூடும். இருபத்து மூன்றுக்கு இரண்டுதான் தேவை.

"பொம்பிள ஒண்டு" என்றாள்.

அப்படியென்றால் மற்றவள் உயிரோடு. எவள் என்று கொப்பி சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எழும்பித் தொழப் போனார். மருமகளும் முக்காட்டை இழுத்துக்கொண்டு உம்மாவுக்காகத் துஆ கேட்டாள். அதற்குப் பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நானும் ராத்தாவுக்குத்தான் கேட்டேன். அது எப்படிப்பட்ட கேள்வி என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் காலை தோணியில் போனேன். குளிப்பாட்டிய பெண்ணிடம் கேட்டேன்.

"துணி முடிஞ்சி போச்சி தம்பி. கடைசியா வந்த பொம்பிளக்கி மூண்டுதான் கட்டின. முடியாத நேரம் அதும் கூடும்தானே" என்றாள்.

கூடும். எனக்கும் தெரிந்த மார்க்கச் சட்டம்தான். மருமகள் கேட்டபோது வாயில் வரவில்லை.

அந்தக் கடைசிப் பெண்ணின் இடது சின்னவிரல் மடங்கியிருந்ததாம். ராத்தாவின் விரல் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்தேன். மருமகள் வாசலில் நின்றாள். பக்கத்து வீட்டுக்காரரும் வேலிக்கு அங்கால் நின்றார். இரண்டு பேருக்கும் ஒரே தரம்தான் சொன்னேன்.

ஆண்கள் ஐந்து. பெண்கள் இரண்டு.