மாட்டுப்பொங்கல் பெயிண்டும் டிரெய்லர் விளக்கும்

எங்கள் டிராக்டர் டிரெய்லர் மாமனார் காலத்துச் சாமான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் இருட்டில், திருத்துறைப்பூண்டி ரோட்டோரமாக அதை நிறுத்திவிட்டு என் வீட்டுக்காரர் டீ குடிக்கப் போனார். பின்விளக்கு கிடையாது. பைக்கில் வந்த என் தம்பி நேராக அதில் மோதினான். அடுத்த தெருவில்தான் இருக்கிறான். இன்றும் ஒரு காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறான். இவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசியதில்லை. விளக்கு மட்டும் மாட்டினார். அது எரியாமல் வண்டி வாசலைத் தாண்டக் கூடாது என்று நானும் சொல்லிவிட்டேன்.

இந்தப் பொங்கல் வரை எரிந்தது. சம்பா அறுவடை முடிந்து, மூட்டையெல்லாம் ஏற்றி, வானமும் கறுத்துக்கொண்டு வருகிற நேரம் பார்த்து அணைந்து தொலைத்தது. கொள்முதல் நிலையத்தில் வரிசையில் நின்று திரும்புவதற்குள் இருட்டிவிடும்.

"ஒரு நாளைக்கு இல்லாட்டி என்ன? மெதுவா ஓட்டிட்டு வந்துடுறேன்."

"மெதுவாவா? அன்னைக்கு வண்டி ஓடவே இல்லீங்க, நின்னுச்சு!"

வயரைப் பிரிக்க உட்கார்ந்தார். டிராக்டரிலிருந்து டிரெய்லர் வரை அத்தனையையும் பிடுங்கிப் புதுசு போட்டார். பல்பை மாற்றினார். ஸ்விட்ச்சைத் தட்டித் தட்டி, "எரியுதா?" என்றார்.

"இல்ல."

"நல்லாப் பாரு."

"பல்பத்தான் பாக்குறேன், பஞ்சாங்கமா பாக்குறேன்?"

மழை நெருங்க நெருங்க எனக்கு மண்டை காய்ந்தது. அவர் பின்னால் போய் மறுபடி பல்பைத் திருகிக்கொண்டிருந்தபோது, கிடந்த சுத்தியலை எடுத்து, டிராக்டரும் டிரெய்லரும் சேருகிற கொக்கியில் ஓங்கி ஒரு போடு போட்டேன்.

"ஏய், என்ன பண்ணின? எரிஞ்சு அணைஞ்சுதே!"

குனிந்து பார்த்தோம். கொக்கி முழுக்க நீலப் பெயிண்ட். மாடு இல்லாத வீட்டில் டிராக்டருக்குத்தானே மாட்டுப்பொங்கல்! கொம்புக்குப் பூசுகிற மாதிரி கொக்கி, அதில் செருகுகிற முளை ஒன்று விடாமல் பூசியிருக்கிறார் இவர். பல்புக்குப் போன கரண்ட் அந்த இரும்பு வழியாகத்தான் திரும்பி வரவேண்டும். பெயிண்டால் வழியை அடைத்துவிட்டு வயரைக் குறை சொல்லியிருக்கிறார்.

"அழகா இருக்கட்டுமேன்னு அடிச்சேன்."

"ஆமா, அழகு கொட்டிக் கெடக்கு!"

பெயிண்டைச் சுரண்டினார். இனி கொக்கியை நம்ப வேண்டாமென்று, டிரெய்லர் சட்டத்திலிருந்து டிராக்டர் பேட்டரிக்குத் தனியாக ஒரு கறுப்பு வயரும் இழுத்தார். இரண்டு விளக்கும் சிவப்பாக எரிந்தன.

"எரியுது. கெளம்புங்க, மழை வந்துடும்."

ஏறவில்லை. கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

"மச்சான், வீட்டுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போறியா? வண்டி எடுக்கணும். நீ பின்னால நின்னு பாத்து, நல்லாத் தெரியுதுன்னு சொன்னாத்தான் எடுப்பேன்." தெருமுனையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "மெதுவா நடந்து வா. நான் நிக்கிறேன்."

தூறல் விழுந்தது. நான் அவரை அவசரப்படுத்தவில்லை. மூட்டைகள்மேல் தார்ப்பாயை இழுத்து மூடினேன்.