கமலாவதியின் கடவுச்சொல்

கமலாவதி நீர்வேலியிலிருந்து சைக்கிளில் வருவாள். 1989இல், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் காணாமல் போனோரின் விபரம் திரட்டிய சிறிய அலுவலகமொன்றில் அவள் தட்டெழுத்தாளர். அடைக்கலநாதனாகிய நான் கணினிகளைப் பார்த்துக்கொள்பவன். அழுதபடி வரும் தாய்மார் சொல்வதையெல்லாம் முகம் மாறாமல் அடித்து முடிப்பாள். நெஞ்சழுத்தக்காரி என்றே நினைத்திருந்தேன்.

அன்று பத்து மணிக்குக் கொழும்புக்குப் புறப்படும் வாகனத்தில் பெயர்ப்பட்டியல் போயாக வேண்டும். ஆங்கிலத்தில் அடித்த பட்டியல் அவளுடைய கணினியில் இருந்தது. அச்சுப்பொறியோ என்னுடைய புதுக் கணினியில். இரண்டையும் கம்பியால் இணைத்திருந்தேன். பட்டியலுக்கு அவள் தமிழில் ஒரு கடவுச்சொல் வைத்திருந்தாள். அதை என் கணினியில் அவளே மூன்று முறை அடித்தும் பட்டியல் திறக்கவில்லை.

"சொல் பிழையில்லை அண்ணை. அங்கை, என்ரையிலை திறக்குது."

"அப்ப வேறை சொல் வையும்."

"மாத்த மாட்டன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருநூற்றுப் பதினொரு குடும்பங்கள் காத்திருக்க, இவளுக்கு ஒரு சொல்லில் பிடிவாதமா?

கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் உறைத்தது. அவளுடைய கணினி திரையில் தமிழைக் காட்டினாலும், உள்ளே வைத்திருந்தது அந்தந்த விசையின் ஆங்கில எழுத்தைத்தான். என்னுடையது தமிழ் எழுத்துகளுக்கென்று வேறு எண்களை அனுப்பியது. சொல் ஒன்றுதான், போய்ச் சேர்ந்தது வேறு.

"இதிலை தமிழை நிப்பாட்டிப் போட்டன். பழைய தமிழ்த் தட்டச்சு எண்டு நினைச்சு, விரல் போற இடத்திலை அடியும்."

கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். திரையில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக விழுந்தன. பட்டியல் திறந்தது.

"அப்பிடி என்ன சொல்லப்பா அது?"

"குழந்தைவேல். என்ரை தம்பி. மாசியிலை பஸ்ஸாலை இறக்கிக் கொண்டு போனவை."

பட்டியல் எனக்கு மனப்பாடம். அந்தப் பெயர் அதில் இல்லை.

"ஏன் போடேல்லை?"

"போட்டால் அவனும் காணாமல் போனவன் எண்டு ஆகிடும்."

கோபப்பட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது. வாசலில் வாகனம் ஹோர்ன் அடித்தது. அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கடைசிப் பெயருக்குக் கீழே 212 என்று அடித்துவிட்டு நின்றாள்.

"அண்ணை, அவன்ரை பேரிலை இருக்கிற ழானாவுக்கு இங்கிலீசிலை எழுத்தில்லை."

"லானாவைப் போடும், தங்கச்சி."

போட்டாள். நட்சத்திரக் குறி இல்லாமல் அந்தப் பெயர் திரையில் தெரிந்தது அன்றுதான்.